பேராண்டி, பேனா கேக்கறியா?

நம்ம வடக்கனந்தல்ல மாத்திரை எழுதிக் குடுக்காத ஆளு யாருன்னு ஒரு கணக்கு எடுத்துக்கிட்டு வாடா பேராண்டி. தெருத்தெருவா அலைஞ்சாலும் நீ ஒருத்தன்தான் தேறுவ.

டீக்கடை பெஞ்சில குந்தி, இடுப்பப் புடிச்சிக்கிட்டு "யப்பா"ன்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும். எதிர்ல பேப்பர் படிக்கறவன் கண்ணக்கூடத் தூக்காம ஒரு மாத்திரை பேரு சொல்லுவான். காச்சிராயபாளையம் மில்லுக்குக் கரும்பு ஏத்திக்கிட்டுப் போற டிராக்டர்காரன் வண்டிய நிறுத்தி, "அது கேக்காது பெருசு, பச்சக் கலர்ல ஒண்ணு இருக்குது, அதப் போடு"ம்பான். மெடிக்கல்ல நிக்கற பையனுக்கு இன்னும் மீசைகூட மொளைக்கல. "வலி முட்டியா, இடுப்பா? காலைல ஒரு செட்டு, ராவைக்கு ஒரு செட்டு"ன்னு மூணு கலர்ல பொட்டலம் கட்டிடுவான். ஒங்க பெரியாயா அதுக்கும் மேல. தனக்கு மிச்சமானத எதிர்வூட்டு மருமவளுக்குக் குடுக்கறா. கேட்டா, ரெண்டு பேருக்கும் வலி ஒரே எடமாம்.

இத்தன வைத்தியருக்கு நடுவுல நீ ஒருத்தன். நாலு வருசம் படிச்சி, ஆறு மாசம் ஆசுபத்திரியில நின்னு வேலை பழகி, ஒடம்புல இருக்கிற எலும்பு நரம்புக்கெல்லாம் பேரு ஒப்பிச்சி, பிசியோதெரபி பட்டம் வாங்கிக்கிட்டு வந்தவன். முட்டிய ஒரு அமுக்கு அமுக்கிட்டு, தேய்மானமா, சவ்வா, நரம்பான்னு சொல்லிடற. ஆனா "ஒரு மாத்திரை எழுதுடா"ன்னா மட்டும், "எனக்கு உரிமை இல்ல தாத்தா"ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கற. எனக்குச் சிரிப்பு வருது. கோச்சிக்காத, ஒன்னப் பார்த்து இல்ல.

அன்னிக்குத் திண்ணையில குந்தி செல்லுல சட்டம் படிச்சிக் காட்டுன பாரு, அதுலேர்ந்து எனக்கு ராவுல தூக்கம் இல்ல. 1940-ல வந்த மருந்துச் சட்டம், அதுக்கு 1945-ல எழுதுன விதி. அந்த விதிக்குப் பின்னால 'கே' அட்டவணைன்னு ஒண்ணு. ஊர்ல ஆயிரம் பேருக்கு மேல இல்லன்னா, மருந்து லைசென்சு இல்லாத கடைக்காரன்கூட ஆஸ்பிரின், பாராசிட்டமால், தலைவலித் தைலம், கிரைப் வாட்டரு விக்கலாம். கம்பெனிக்காரன் கட்டுன கட்டப் பிரிக்காம விக்கணும். நம்ம ஊரு பேரூராட்சி. ஆயிரத்தத் தாண்டி எத்தினியோ காலம் ஆச்சி. இங்க அந்தச் சலுகை செல்லாது. கோமுகி அணையத் தாண்டி கல்வராயன்மலை ஏறிப் போனா, கரியாலூர், வெள்ளிமலைக்கு அக்கம்பக்கத்துல ஆயிரம் தலைகூட இல்லாத ஊரு நெறைய கெடக்குது. அங்க ஒரு பெட்டிக்கடைக்காரன் பீடிக் கட்டுக்கும் வெத்தலைக்கும் நடுவுல பாராசிட்டமால அடுக்கி வச்சிக்கிட்டு, சட்டம் பார்க்க நெஞ்ச நிமித்தி விக்கலாம்.

அதனால ஒனக்கு என் மொத யோசனை இது. பட்டத்த மடிச்சி பீரோவுல வை. மலைமேல ஒரு பெட்டிக்கடை போடு. கடலமிட்டாய் வாங்க வர்ற கெழவிக்குக் கால் நீட்டி மடக்கற பயிற்சியும் சொல்லிக் குடு, கையோட பாராசிட்டமாலும் வித்துடு. படிப்புக்குப் படிப்பும் ஆச்சி, சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சி. "விக்கறது வேற, எழுதறது வேற தாத்தா"ன்னு நீ சொல்லுவ. சரிதான். வாங்கி முழுங்கறவளுக்கு அந்த வித்தியாசம் தெரியுதான்னு ஒங்க பெரியாயாளக் கேளு.

அதே அட்டவணையில இன்னொரு வரி படிச்சியே, ஆரம்ப சுகாதார நெலையத்தோட சேர்ந்த நர்சம்மா, கிராமத்துச் செவிலி, சுகாதாரப் பணியாளர், ஊர்த் தொண்டர் எல்லாரும் அங்கேர்ந்து வர்ற மருந்தக் குடுக்கலாம்னு. அதுல பிசியோவத் தேடுனியே, கெடைச்சானா? அந்த விதிய எழுதுன காலத்துல ஒன்ன மாதிரி ஆளு இப்படி ஊர் ஊரா, வூடு வூடா வருவான்னு யாரு கண்டா?

இப்ப வர்றீங்களே. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில முதலமைச்சர் ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பிச்சி வச்சாரு. பிரசருக்கும் சுகருக்கும் மாத்திரைய வூட்டு வாசலுக்கே ஒரு பொண்ணு கொண்டாந்து குடுக்குது. படுத்த படுக்கையா கெடக்கறவங்களுக்கு நர்சு வருது. பக்கவாதம் வந்து கை வெளங்காதவங்களுக்கு, எழுந்து நிக்க முடியாதவங்களுக்கு, வட்டாரத்துக்கு ஒரு பிசியோ வண்டியில வர்றான். 2024-ல ஐக்கிய நாட்டுச் சபைக்காரங்க விருதுகூடக் குடுத்தாங்க. ஆக ஆசுபத்திரி வூட்டுக்கு வந்துடுச்சி. பேனா மட்டும் ஆசுபத்திரி மேசை மேலேயே கெடக்குது. ஒன் வருத்தம் அதான?

வெள்ளக்காரன் ஊர்ல பிசியோ மாத்திரை எழுதறான்னு நம்ம பங்காளி மவன் அங்கேர்ந்து செல்லுல மூஞ்சி காட்டி சொன்னதுலேர்ந்து ஒனக்கு மூக்குல வேர்க்குது. அவன் சொன்னதுல பாதிய நீ காதுல வாங்கல. நான் வாங்கனன். காது மந்தம்னு நெனச்சிக்கிட்டு எதுவேணா பேசுவீங்க.

அங்க இது நர்சம்மாளுங்ககிட்டேர்ந்து ஆரம்பிச்சிருக்குது. வூட்டுக்கு வூடு போயி புண்ணுக்குக் கட்டுப் போடற நர்சுக்கு எந்தப் புண்ணுக்கு எந்தத் துணி, எந்தக் களிம்புன்னு அத்துப்படி. ஆனா சீட்டுல கையெழுத்துப் போட டாக்டரு வேணும். அவரு பேனாவ எடுக்கற வரைக்கும் நர்சு வெளிய காத்துக்கிட்டு நிக்கணும். புண்ணப் பார்த்தவ இவ, சீட்டு எழுதறவரு அவரு. 1986-ல கம்பர்லெஜ் அம்மா தலைமையில ஒரு குழு, இது என்னா கூத்து, அந்த நர்சே எழுதட்டும்னு அறிக்கை குடுத்துது. அதுக்குச் சட்டம் வர 1992 ஆச்சி. பிசியோ முறை வந்தது 2005-ல. அதுவும் பாதிப் பேனாதான். டாக்டரு நோயக் கண்டுபுடிச்சி, நோயாளியையும் சேர்த்து வச்சிப் பேசி, ஒரு திட்டம் எழுதுவாரு. அந்தத் திட்டத்துக்குள்ள நின்னு அளவக் கூட்டலாம், கொறைக்கலாம். முழுப் பேனா கைக்கு வந்தது 2013 ஆகஸ்டுல. மொத அறிக்கையிலேர்ந்து எண்ணிப் பாரு, 27 வருசம். நீ பட்டம் வாங்கி ரெண்டு தீவாளி ஆவல.

குடுத்தாங்களே, சும்மா குடுத்தாங்களா? பட்டம் வாங்குன கையோட யாருக்கும் கெடையாது. எந்த நோவுக்கு எழுதப் போறானோ அந்த வேலையில மூணு வருசம் கை பழகியிருக்கணும். அப்பறம் திரும்பப் பள்ளிக்கூடம். 26 நாளு பாடம், 90 மணி நேரம் மருந்து எழுதற அனுபவசாலி ஒருத்தரு பக்கத்துல நின்னு அவரு பார்க்கப் பார்க்க எழுதிப் பழகணும். பரீச்சையில தேறுனா, பதிவேட்டுல அவன் பேருக்குப் பக்கத்துல ஒரு குறிப்பு ஏத்துவாங்க. அதுக்கப்பறமும் முட்டி, முதுகு பார்க்கிறவன் முட்டி முதுகுக்குத்தான் எழுதலாம். எதுத்த வூட்டுக்காரன் நெஞ்சு எரியுதுன்னு வந்தான்னு அதுக்கும் சேர்த்துக் கிறுக்கக் கூடாது. மார்பின், டயசிபாம் கணக்கா போதை ஏத்தற மருந்துல ஏழே ஏழுதான். அதையும் எப்படிக் குடுக்கணும், வாய் வழியா, தோல் மேல ஒட்டியான்னு எழுதி வச்சிருக்கான். பேங்குல பேனாவுக்கு நூல் கட்டி வச்சிருப்பான் பாரு, அப்படிக் கட்டிக் குடுத்திருக்கான். எழுது, ஆனா மேசைய விட்டுப் போவாத.

நீ பேனாவ மட்டும் பார்த்த, நூல நான் பார்த்தன்.

இங்க நெலவரம் என்னா? 2019-ல தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்துது. 32-வது பிரிவுல, நவீன மருத்துவத்தோட தொடர்புள்ள ஆளுங்களுக்குக் கொஞ்சமா ஒரு உரிமம் குடுக்கலாம், சமுதாய சுகாதார வழங்குநர்னு பேரு வைக்கலாம்னு எழுதுனாங்க. ஆரம்ப வைத்தியத்துலயும் நோய்த் தடுப்புலயும், குறிச்சிக் குடுத்த மருந்த மட்டும் அவன் சொந்தமா எழுதலாம். மத்ததுக்கு டாக்டரு மேற்பார்வை வேணும். மொத்த டாக்டருங்க எண்ணிக்கையில மூணுல ஒரு பங்குக்கு மேல அந்த ஆளுங்க இருக்கக் கூடாது. அந்த வாசல் வழியா ஒரு பிசியோ பேனாவோட நடந்து வந்து நான் இன்னும் பார்க்கல. 2021-ல உங்க கூட்டத்துக்குன்னே தனிச் சட்டம் வந்துது. கொறஞ்சது 3,600 மணி நேரம் படிச்சி பட்டம் வாங்குனவன் சுகாதார வல்லுநர். வைத்தியம் பண்ணலாம், மறுவாழ்வு குடுக்கலாம், ஆலோசனை சொல்லலாம். பேனா பத்தி அதுல ஒரு பேச்சும் இல்ல.

ஆனா சண்டைக்கு மட்டும் பஞ்சம் இல்ல. 2025 ஏப்ரல்ல வந்த புதுப் பாடத்திட்டத்துல, பிசியோ பேருக்கு முன்னால 'டாக்டர்'னு போட்டுக்கலாம், பின்னால 'பி.டி.'ன்னு சேர்த்துக்கணும்னு இருந்துச்சி. செப்டம்பர் 9-ஆம் தேதி டில்லியில சுகாதாரச் சேவை இயக்குநரகம், போடக் கூடாதுன்னு ஒரு கடுதாசி உட்டுது. மறுநாளே 10-ஆம் தேதி அந்தக் கடுதாசியத் திரும்ப வாங்கிக்கிச்சி. அந்த ரெண்டு நாளும் நீ சோறு திங்கல, செல்லுலதான் குந்தியிருந்த. டாக்டருங்க ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம், ஒரு எழுத்துக்கு அடிச்சிக்கிட்டீங்க. அந்த ரெண்டு நாளும் மெடிக்கல் பையன் எந்த எழுத்தும் இல்லாம எத்தன பொட்டலம் கட்டியிருப்பான்? அவன எந்த டாக்டரும் கேக்கல, எந்தப் பிசியோவும் கேக்கல. போர்டுல 'டாக்டர்'னு எழுதனுமா வேணாமான்னு என்னக் கேட்டா, எழுதிக்க. கெழவிங்களுக்குப் படிக்கத் தெரியாது, ஒன்ன 'கால் புடிக்கிற தம்பி'ன்னுதான் கூப்புடுவாங்க.

அசாம்காரன் கதையும் காதுல போட்டுக்க. கிராமத்துக்கு டாக்டரு வர மாட்டேங்கறான்னு 2004-ல அவனே ஒரு சட்டம் போட்டு, மூணு வருசப் படிப்பு வச்சி ஆளு தயார் பண்ணான். 2014-ல கவுகாத்தி ஐகோர்ட்டு செல்லாதுன்னுடுச்சி. 2023 சனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சி. மருத்துவப் படிப்பு, அதோட தரம்னு வந்தா மத்திய சட்டத்துக்கு மாறா மாநிலம் தனியா ஓட முடியாது. ஆக, சென்னைக்குப் போயி மனு குடுத்தா பேனா வந்துடும்னு நெனைக்காத. கதவு டில்லியில இருக்குது.

சரி, பேனா ஒனக்கு எதுக்குடா? இதுதான் நான் கேக்க வந்தது.

பெரியாயா இடுப்புல சொருகியிருக்கிற சுருக்குப் பையப் பார்த்திருக்கியா? போன வாரம் நீ அவளுக்கு முட்டிக்கடியில துண்டச் சுருட்டி வச்சி, "அமுக்கு ஆயா, அஞ்சி எண்ணுற வரைக்கும் உடாத"ன்னு சொல்லிக்கிட்டிருந்தப்ப, அவ வெத்தலை எடுக்கப் பையத் தொறந்தா. நீ உத்துப் பார்த்த. "இது என்னா ஆயா?"ன்ன. அவ கொட்டிக் காட்டனா. பாக்கு, சுண்ணாம்பு டப்பி, மில்லுச் சீட்டு ஒண்ணு, அதுக்கு நடுவுல மாத்திரைத் துண்டுங்க. அட்டைய அட்டையா இல்ல, கத்திரிக்கோலால நறுக்கி, ரெண்டு, மூணு. மாத்திரை பேரு பாதி இவ துண்டுல, பாதி வேற எவனோ ஒருத்தன் வாங்கிட்டுப் போன துண்டுல. காலாவதித் தேதி யாருகிட்டப் போச்சின்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். "மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது"ன்னு அட்டைக்குப் பின்னால இங்கிலீசுல பொடிப் பொடியா அடிச்சிருக்குமாம், அதுதான் கத்திரிக்கோலுக்கு மொதல்ல இரையாவுது.

அதுலேர்ந்து நீ ஒண்ணொண்ணாப் பிரிச்ச. இது அம்லோடிபின், பிரசருக்கு, வூட்டுக்கு வர்ற பொண்ணு குடுத்தது. இது எனலாப்ரில், அதுவும் பிரசருக்கு. இது டைக்ளோஃபெனாக், வலிக்கு, மெடிக்கல்ல. இந்த வெள்ளச் சின்ன மாத்திரை? கண்ணாடிய மாட்டிக்கிட்டு, வெளிச்சத்துல புடிச்சி, "டெக்சாமெத்தசோன், ஸ்டீராய்டு தாத்தா"ன்ன. எவ்வளவு நாளா போடறன்னு கேட்டா, "அது போட்டாதான்டா நான் களையெடுக்கவே குனிய முடியுது"ங்கறா அவ.

அங்க நீ சொன்னத நான் மறக்கல. டைக்ளோஃபெனாக் ஒடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கும், பிரசர ஏத்தும். ஏத்தறத எறக்க எனலாப்ரில். ரெண்டும் சேர்ந்து கிட்னிய ரெண்டு பக்கமும் நெரிக்கும், அதோட நீர் பிரியற மாத்திரையும் சேர்ந்தா இன்னும் மோசம். வயித்துல புண்ணு வைக்கும், ரத்தம் கசியும். ஸ்டீராய்டு சுகர ஏத்தும், எலும்ப அரிக்கும், திடீர்னு நிறுத்துனா ஆளையே கவுத்துடும். கணுக்கால் வீங்கியிருக்குதே, அது அம்லோடிபினாலயும் வரும், டைக்ளோஃபெனாக்காலயும் வரும், கிட்னியாலயும் வரும். நீ அவ காலுக்குச் சொல்லிக் குடுத்தது துண்டு அமுக்கற பயிற்சி. அவ கால வீங்க வைக்கறது சுருக்குப் பை.

ஆரம்ப சுகாதார நெலையத்து டாக்டரம்மா நல்லவங்க. ஆனா அங்க வரிசை வாசப்படி வரைக்கும் நிக்குது. ஒருத்தருக்கு எவ்வளவு நேரம் குடுப்பாங்க? சுருக்குப் பைய அவங்க முன்னால எவ கொட்டுவா? வெத்தலை, சுண்ணாம்பு எல்லாம் மேசையில வுழுவும்னு வெக்கப்படுவா. ஒரு கெழவி பக்கத்துல அரை மணி நேரம் தரையில குந்தற படிச்ச ஆளு, ஊர்ல நீ ஒருத்தன்தான். ஒனக்குப் பேனா குடுக்கணும்னு எவனாவது கேட்டா நான் சொல்ற காரணம் இது. எழுதறதுக்கு இல்லடா, அடிக்கறதுக்கு. அந்தப் பையில நாலு பேரு எழுதியிருக்கான். கோடு போட்டு அடிக்க ஒருத்தனும் இல்ல.

டைக்ளோஃபெனாக்குன்னதும் எனக்குக் கழுகு ஞாபகம் வருது. நான் சின்னப் பையனா இருந்தப்ப ஒரு மாடு செத்தா போதும், எங்கேர்ந்துதான் வருமோ, வானம் கறுத்துடும். அப்பறம் இல்லாமப் போச்சி. மாட்டு வலிக்குப் போட்ட இந்த மருந்துதான், செத்த மாட்டத் தின்ன கழுகோட கிட்னியக் கெடுத்துக் கூட்டம் கூட்டமா கொன்னுச்சின்னு கண்டுபுடிச்சாங்க. 2006-ல மாட்டுக்கு அந்த மருந்து கூடாதுன்னு அரசாங்கம் தடை போட்டுது. அப்பறம் மனுசனுக்குப் போடற பெரிய குப்பிய வாங்கி மாட்டுக்கு ஏத்தறானுவோன்னு, 2015-ல 3 மில்லிக்கு மேல ஊசிக் குப்பி கூடாதுன்னு அதையும் மடக்குனாங்க. கழுகுக்குச் சட்டம் வந்துடுச்சி பேராண்டி. பெரியாயாவுக்குத்தான் வரல. பறக்கத் தெரிஞ்சிருந்தா அவளுக்கும் வந்திருக்கும்.

இப்ப பேனா வந்துடுச்சின்னே வச்சிக்க. மறுநாள் காலைல என்னா நடக்கும், நான் சொல்றன். ஒன் அறை வாசல்ல கூட்டம். முந்தி, "தெனம் முப்பது தடவ கால் தூக்கணும் ஆயா"ன்னா, முணுமுணுத்துக்கிட்டாவது தூக்கும் பாரு, அந்தக் கெழவி, இனிமே தூக்காது. "அதான் மாத்திரை எழுதற இல்ல, எழுது"ம்பா. கரும்பு வெட்டறவன் வருவான், "நாளைக்கு வெட்டு இருக்குது, குனிஞ்சாவணும், ஒண்ணு எழுது"ம்பான். எழுத மாட்டன்னா, பக்கத்து ஊரு பிசியோ எழுதறான்னு அங்க போவான். ஒரு வாரம் நீ வைராக்கியமா இருப்ப. ரெண்டாவது வாரம் கை வலிக்கும், வாயும் வலிக்கும், எழுதறது சுளுவுன்னு தோணும். மூணாவது வாரம் டை கட்டிக்கிட்டு ஒரு பையன் பையோட வந்து குந்துவான். "சார், எங்க கம்பெனி முட்டிக்குப் புதுசா வுட்டிருக்கு"ம்பான். ஒரு பேனா குடுப்பான், ஒரு காலண்டர் குடுப்பான், பொங்கலுக்கு ஒரு கைப்பை. ஒன்ன சார்னு கூப்புட்ட மொத ஆளு அவனாத்தான் இருப்பான். சிரிக்காத, இது நடக்கும். டாக்டருக்கு நடந்தது ஒனக்கு நடக்காதா?

கடைசியில துண்டு சுருட்டி வைக்க ஒனக்கு நேரம் இருக்காது. நீ படிச்ச படிப்புலயே பெருசு அந்தத் துண்டுதான்டா. முட்டித் தேய்மானத்துக்குத் தொடை பலமா இருக்கணும், நடை நேரா இருக்கணும், ஒடம்பு எடை கொறையணும்னு நீதான் சொன்ன. மாத்திரை வலிய மறக்க வைக்கும், தொடைக்குப் பலம் குடுக்காதுன்னும் நீதான் சொன்ன. மலையிலேர்ந்து கடுக்காய் கொண்டாந்து விக்கறவன்கூட, எல்லா நோவும் தீரும்னு அடிச்சி வுடுவானே ஒழிய, தொடைக்குப் பலம் வரும்னு சொல்றது இல்ல.

அதனால கேக்கறதா இருந்தா சின்னதாக் கேளு. அகலக்கால் வைக்காத. எல்லா மருந்தும் வேணாம். வலிக்கு நாலஞ்சி, மேல தடவற களிம்பு, வயித்தக் காப்பாத்த ஒண்ணு. அதுக்கும் மேல, தேவையில்லாத வலி மாத்திரைய நிறுத்தச் சொல்லி எழுதற உரிமை. அத மொதல் வரியில கேளு. மருந்துப் பாடம் இன்னும் ஆழமா வேணும்னு நீங்களே கேளுங்க. பரீச்சை வையின்னு நீங்களே கேளுங்க, அப்பதான் எதுத்துப் பேசறவன் வாய மூடுவான். யாருக்கு என்னா எழுதனன்னு எழுதி வைக்க ஒரு நோட்டு. தப்பு நடந்தா யாரு தலைய உருட்டறதுன்னு மொதல்லயே பேசி வச்சிக்க. இந்த ஊர்ல தப்பு நடந்த பொறவு பேசுனா, தலை எப்பவும் சின்ன ஆளுதுதான். 2005-ல வெள்ளக்காரன் குடுத்த பாதிப் பேனா இருக்குது பாரு, டாக்டரு திட்டம் போட்டு, அதுக்குள்ள நீ கூட்டிக் கொறைக்கறது, அது நம்ம ஆரம்ப சுகாதார நெலையத்துக்கும் வூட்டுக்கு வர்ற வண்டிக்கும் ஒட்டும். டாக்டரம்மா அங்க இருக்கறாங்க, நீ இங்க இருக்கற, நோயாளி நடுவுல. முழுப் பேனாவுக்கு அலையாத. பாதிய வச்சி நல்ல பேரு வாங்கு, மீதி தானா வரும், வரலன்னாலும் குடி முழுவிடாது.

அது வர்ற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நில்லுன்னு நான் சொல்லல. செல்லு கையில இருக்குது. இ-சஞ்சீவனின்னு அரசாங்கமே வச்சிருக்குது, பெரியாயா பக்கத்துல குந்தியே ஒரு டாக்டரக் கூப்புட்டு மூஞ்சி பார்த்துப் பேச வைக்கலாம். சீட்ட அவரு எழுதட்டும். சுருக்குப் பையில என்னென்ன இருக்குதுன்னு அவருக்குச் சொல்றவன் நீயா இரு. இல்லன்னா ஒரு தாளுல மாத்திரை பேரு, எத்தன வேளை, எவ்வளவு நாளா, யாரு குடுத்ததுன்னு தெளிவா எழுதி, டாக்டரம்மா கையில குடுன்னு பெரியாயாகிட்டக் குடுத்து அனுப்பு. முக்கியமா அந்த ஸ்டீராய்ட நீயா நிறுத்தச் சொல்லிடாத, கொறைச்சிக் கொறைச்சித்தான் நிறுத்தணும்னு நீதான சொன்ன. தாளுல எழுதறதுக்கு எந்தச் சட்டமும் ஒன்னத் தடுக்கல. அதுவும் பேனாதான, என்னா, மெடிக்கல் பையன் மதிக்க மாட்டான், அவ்வளவுதான்.

படிக்கிற சனங்களுக்கு ஒரு வார்த்தை. இன்னிய தேதிக்கு நம்ம நாட்டுல பிசியோ மாத்திரை எழுத முடியாது, அவர நச்சரிக்காதீங்க. அவரு வூட்டுக்கு வந்தா பாயப் போட்டுக் குந்த வைங்க, மோரு குடுங்க, வூட்டுல இருக்கிற மாத்திரை அத்தனையையும், மெடிக்கல்ல வாங்குன செட்டையும் சேர்த்து, ஒண்ணுகூட ஒளிக்காம அவரு முன்னால கொட்டிக் காட்டுங்க. மெடிக்கல்ல அடுத்த தடவ வாங்கும்போது அட்டைய நறுக்காம, பேரு இருக்கிற பக்கத்தோட குடுன்னு கேட்டு வாங்குங்க.